இரண்டு வாரத்தில் முடிகிற பல்

என் மனைவியின் மேல்வரிசை முன்பல்லை உடைத்தவன் நான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டவன், எழுதும்போதாவது தள்ளிப்போடக் கூடாது.

அப்போது கொழும்பில் ஓர் அரிசிக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். முதலாளியோடு வாய்த்தகராறு வந்தது. வேலையை விட்டுவிட்டு, மனைவி இருந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போக வட்டகொடைக்கு ரயிலேறினேன். அதற்கு முந்திப் புத்தளத்தில் உப்பு அள்ளினேன். அதற்கும் முந்தி மன்னாரில் மீன் பெட்டி ஏற்றும் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து ஓரிடத்தில் முழுசாக ஒரு வருடம் நின்றதில்லை. கல்யாணம் கட்டியும் நிற்கவில்லை. பிள்ளை பிறக்கவில்லை என்பதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். பிறந்திருந்தாலும் போயிருப்பேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அன்றைக்கு ஸ்டேஷனில் இறங்கி, தோட்டத்துக்கு ஏறும் வழியில் குடித்தேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேரும்போது மாலை ஆறு மணி. மழை மூட்டத்தில் வழி தெரியாததால் கையில் டோர்ச் வைத்திருந்தேன். அவள் பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து, ஈரச் சேலையோடு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஒரு கேள்விதான் கேட்டாள்.

“இந்தத் தடவ எத்தன நாளைக்கு?”

டோர்ச் இருந்த கையாலேயே அடித்தேன். அவள் சத்தம் போடவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தபோது உள்ளங்கையில் பல்லின் பாதி இருந்தது. மறுநாள் விடிந்ததும் முதல் ரயிலில் போய்விட்டேன். மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை என்று சொன்னால் அது பொய். கேட்டால் அங்கேயே நிற்க வேண்டியிருக்கும் என்று பயந்தேன்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம். பாதி கொழும்பில், பாதி கட்டாரில். எப்போதாவது பக்கத்துக் காம்பராக்காரியின், அதாவது லயத்தில் அடுத்த அறையில் இருப்பவளின், போனுக்கு எடுப்பேன். என் மனைவி வாங்கி, “சுகந்தான், நீங்க சுகமா?” என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

போன கார்த்திகையில் திரும்பி வந்தேன். பாசத்தால் வந்தேன் என்று எழுத ஆசைதான். கட்டாரில் நான் பாத்திரம் கழுவிய முகாமை மூடிவிட்டார்கள், வேறு போக்கிடம் இல்லை, வந்தேன். அவள் கதவைத் திறந்து, “வாங்க” என்றாள். அந்த ஒரு சொல்லுக்குள் அவளுடைய மேலுதடு கீழே இழுபட்டு இடைவெளியை மூடியதைப் பார்த்தேன். சிரிப்பு வரும்போது கை தானாக வாய்க்குப் போனது. ரொட்டியைக் கடைவாய்ப் பக்கமாகத் திருப்பிக் கடித்தாள். ஒன்பது வருடத்தில் இதெல்லாம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. எனக்குத்தான் புதிது.

என் பையை உள்ளே எடுத்துப் போகாமல், இஸ்தோப்பில், அதாவது முன்பக்கத் திறந்த தாழ்வாரத்தில், விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் படுக்க வேண்டிய இடமும் அதுதான் என்று புரிந்தது.

பக்கத்துக் காம்பராக்காரி என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். என் மனைவியும் அவளும் ஒரே கங்காணிக்குக் கீழே கொழுந்து எடுப்பவர்கள். என் மனைவி அவளை அக்கா என்பாள், நானும் அப்படியே கூப்பிட்டேன். மறுநாள் காலையில் என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

“அடியே, கட்டாரு தொர இஸ்தோப்புல குந்தியிருக்காரு! பங்களா ஒண்ணும் காலியில்லையா தொர?”

“அக்கா, சுகமா?”

“எனக்கென்ன கேடு, முப்பத்திரண்டு பல்லும் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு மாலை என் மனைவியிடம் கேட்டேன். கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, பல் கட்டிவிடுவோம் என்றேன். மூன்றாம் நாள் தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள்.

“சரி, கட்டுவோம். பல்லு வேல முடியிற வரைக்கும் இங்க இருங்க. அதுக்குள்ள நானும் யோசிக்கிறேன், நீங்களும் யோசிங்க. அப்புறம் பாப்போம்.”

எனக்குக் கிடைத்த தவணை அது. பல் முடியும்வரை வீடு. அதற்குப் பிறகு என்ன என்பது அவள் கையில்.

அப்போதுதான் இரண்டு வகைப் பல்லைப் பற்றி விசாரித்தேன். ஒன்று, எல்லாருக்கும் தெரிந்த கட்டுப்பல். அண்ணத்தோடு ஒட்டுகிற சின்னத் தட்டில் ஒரு பல், மாட்டலாம், கழற்றலாம். மற்றது இம்ப்ளான்ட். தாடை எலும்பில் துளை போட்டு ஒரு ஸ்குரூவை இறக்குவார்கள். எலும்பு அதைக் கவ்விப் பிடிக்க மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகு அதன்மேல் பல்லை வைப்பார்கள். கழற்ற முடியாது. கட்டாரில் என்னோடு இருந்த ஒருவன் ஊருக்குப் போய் அப்படி வைத்துக்கொண்டு வந்தான். சொந்தப் பல் எது, வைத்த பல் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்கு அந்தப் பல்தான் வேண்டும் என்று பட்டது. ஒரேயடியாக அடைத்துவிட்டால் அங்கே எப்போதும் எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு நாலைந்து மாதம் பிடிக்கும். நாலைந்து மாதம் நான் அந்த வீட்டில் இருக்கலாம்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து அக்காவும் அவளும் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு அதைப் பற்றி வந்தது.

“ஆணி அடிச்சு வைக்கிற பல்லா? அதென்னா வாயா, லயத்துச் செவரா?” என்றாள் அக்கா.

“ஆணி இல்லக்கா, ஸ்குரூ.”

“ஸ்குரூன்னா ஒனக்கு வலிக்காது, அவளுக்குத்தானே வலிக்கும். பேசாம கழட்டிப் போடுற பல்லே வைக்கலாம். ஆனா அதுலயும் ஒரு சங்கடம். கீழ் டிவிசன்ல ஒருத்தி தும்முனா பாரு, பல்லு தெறிச்சுக் கொழுந்துக்குள்ள விழுந்துருச்சு. மூணு கூடையக் கொட்டித் தேடுனாளுக. கெடைக்கவே இல்ல. பேக்டரிக்குப் போயி, அரஞ்சு, எந்த வெள்ளக்காரன் தேத்தண்ணியில மெதக்குதோ.”

என் மனைவி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

“அந்த ஸ்குரூ பல்லுக்கு எத்தன மாசம் ஆகுமாம்?”

“நாலு, அஞ்சு.”

“அப்பச் சித்திர வந்துரும்” என்றாள். “வருசப் பொறப்புக்கு வீட்டுக்கு வெள்ள அடிக்கணும். ஒத்தையில ஏணி புடிக்க முடியல.”

அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வாரத்தில் ஒருநாள், என் மனைவி வேலைக்குப் போயிருந்த நேரம், உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருந்த அக்கா என்னைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். நான் போன அன்று காலை என் மனைவி வீங்கிய வாயோடு வேலைக்குப் போயிருக்கிறாள். மலையில் முதல் தேயிலை நிரை முடிவதற்குள், வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்லி உட்கார்ந்திருக்கிறாள். கங்காணி வந்து பார்த்து, கணக்கப்பிள்ளைக்குச் சொல்லி, தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். மிச்சமிருந்த பாதிப் பல்லை அங்கேதான் பிடுங்கியிருக்கிறார்கள்.

“நாந்தான் சாட்சி. கால் வழுக்குனத என் கண்ணால பாத்தேன்னு கணக்கப்பிள்ளகிட்ட சொன்னேன். கூட நின்ன அத்தன பேரும் தலைய ஆட்டுனாளுக. புருசன் அடிச்சான்னு சொன்னா சங்கத் தலைவரு வருவாரு, ஆபீசுக்குக் கூப்பிடுவாங்க, போலீசும்பாங்க. கடைசியில சேத்து வச்சு அனுப்புவாங்க. சேத்து வைக்க நீயும் இல்ல. விழுந்தேன்னு சொன்னா அது வேலையில பட்ட காயம். ரெண்டு நாளு பேராவது விழும்.”

பேர் என்றால் ஒருநாள் வேலைக் கணக்கு. நான் அடித்த அடிக்குத் தோட்டம் இரண்டு நாள் சம்பளம் கொடுத்திருக்கிறது. எங்கள் லயங்களில் அடி வாங்கிய பெண்கள் எல்லாரும் மலையில் வழுக்கி விழுந்தவர்கள்தான். டிஸ்பென்சரிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிற ஒருவருக்கு, அந்த மலையில் மனிதர் நிற்கவே முடியாது என்று தோன்றும். பெண்கள் தங்களுக்குள் பழகி வைத்திருக்கிற வழி அது. யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. எனக்கு அதைக் கேட்டபோது வெட்கம் வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிதான் என்னைக் கெடுத்தது.

ஹட்டனில் ஒரு பல் டாக்டரிடம் நாள் வாங்கினேன். அவள் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். தலவாக்கலையில் பஸ் மாறினோம். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கொட்டகலை தாண்டும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“டாக்டரு கேப்பாங்களாம், பல்லு எப்படிப் போச்சுன்னு.”

“யாரு சொன்னா?”

“அக்காதான். சொத்தையில போச்சா, அடிபட்டுப் போச்சான்னு பாத்துத்தான் எந்தப் பல்லு வைக்கிறதுன்னு சொல்லுவாங்களாம்.”

“கேக்கட்டும்.”

“என்னான்னு சொல்லுவீங்க?”

“நா பாத்துக்கிறேன். ஒனக்குச் சிங்களம் சரியா வராது. நீ பேசாம இரு.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அப்படி நேராகப் பார்த்ததில்லை. “சரி, நீங்களே சொல்லுங்க” என்றாள். அவள் சேலை முந்தானையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. வலிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

டாக்டர் ஒரு சிங்களப் பெண்மணி, நாற்பது வயதிருக்கும். அவருக்குத் தமிழில் ‘வாயைத் திற’, ‘வலிக்குதா’ இரண்டும் தெரியும். மற்றதெல்லாம் சிங்களத்தில். படம் எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிளாஸ்டிக் தாடை ஒன்றை மேசையில் வைத்து, அதிலிருந்த ஸ்குரூவைத் தொட்டுக் காட்டினார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் அவளுக்குச் சொன்னேன். பல் இல்லாமல் கிடந்த இடத்தில் எலும்பு கொஞ்சம் மெலிந்திருக்கிறது, ஆனாலும் ஸ்குரூ வைக்கப் போதும். வெற்றிலை போடுவதைக் குறைக்க வேண்டும். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறதா என்று இரத்தம் பார்க்க வேண்டும். மூன்று நான்கு மாதம் எலும்பு பிடிப்பதற்கு, பிறகு பல் வைக்க இன்னும் சில வாரம். வைத்துவிட்டால் சொந்தப் பல் போலத்தான், ரொட்டியைக் கடித்து இழுக்கலாம். தட்டு என்றால் அளவெடுத்து இரண்டு வாரத்தில் தந்துவிடலாம். ஆனால் தூங்கும்போது கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், முதலில் பேச்சுக் குழறும், கடினமானதைக் கடிக்கக் கூடாது.

அவள் பிளாஸ்டிக் தாடையிலிருந்த ஸ்குரூ பல்லை விரலால் அசைத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. “நல்லாத்தான் இருக்கு” என்றாள் என்னிடம், மெதுவாக.

டாக்டர் அட்டையை எடுத்துப் பேனாவைத் திறந்தார். “பல் எப்படிப் போனது? அடிபட்டதா?” என்று சிங்களத்தில் கேட்டார். “அடியில் போனதென்றால் பக்கத்துப் பற்களின் வேரையும் நான் பார்க்க வேண்டும்.”

என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“தேயிலை மலையில் விழுந்துவிட்டாள், டாக்டர்” என்றேன். “கொழுந்து எடுக்கும்போது. வழுக்கிவிட்டது.”

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாயைத் திறந்தேன், அது வந்தது. தோட்டம் முழுக்க அப்படித்தான் சொல்கிறது, புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, அவளே அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். அவளுடைய பொய்யை நான் காப்பாற்றுகிறேன் என்றுகூட அந்த நேரத்தில் நினைத்திருப்பேன்.

“தாடையில், மூக்கில் ஏதாவது காயம்?”

“இல்லை. பல் மட்டும்தான்.”

டாக்டர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். அவர் எழுதி முடிப்பதற்குள் என் மனைவி பேசினாள். என்னிடமல்ல. டாக்டரிடம், நேராக, பஜாரில் மரக்கறி வாங்கிப் பழகிய உடைந்த சிங்களத்தில்.

“டாக்டர், எது சீக்கிரம் முடியும்?”

“தட்டுதான். இரண்டு வாரம்.”

“அது போதும்.”

“ஏ புள்ள, இப்பத்தானே அது நல்லாயிருக்குன்ன” என்றேன் தமிழில். “காசப் பத்தி யோசிக்காத.”

அவள் என் பக்கம் திரும்பவில்லை. டாக்டர் அவளிடமே சொன்னார். “அவசரமில்லை. வயதும் அதிகமில்லை. வீட்டுக்குப் போய் யோசித்து வாருங்கள்.”

“யோசித்தாயிற்று” என்றாள் அவள். அந்தச் சிங்களச் சொல் மட்டும் சுத்தமாக வந்தது.

திரும்பும் வழியில் ஏன் என்று கேட்டேன். எனக்கு அது போதும் என்றாள். வலிக்கும் என்று பயமா என்று கேட்டேன். இல்லை என்றாள். தலவாக்கலையில் வடை வாங்கிக் கொடுத்தேன். முன்பக்கத்தால் கடிக்க முடியாமல் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள்.

நான் செய்தது என்ன என்பதை எனக்குச் சொன்னது அக்காதான். அன்று மாலை குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது, டாக்டர் என்ன கேட்டார் என்று விசாரித்தாள். வரிசையாகச் சொன்னேன். விழுந்ததாகச் சொன்னேன் என்றதும் வாளியைக் குழாயிலிருந்து தள்ளி வைத்தாள். தண்ணீர் சும்மா ஓடியது.

“நீயும் அதயேதான் சொன்னியா?”

“நீங்கல்லாம் அப்படித்தானேக்கா சொன்னீங்க?”

“நாங்க சொன்னது வேற தம்பி. நாங்க அவளக் காப்பாத்தச் சொன்னோம். நீ யாரக் காப்பாத்தச் சொன்ன?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “அந்தப் பொம்பள டாக்டரு யாரு? தலைவரா, தொரையா, போலீசா? தெரியாத ஊருல தெரியாத மனுசி. அவங்ககிட்டகூட ஒனக்கு வாய் வரலியா?” என்று கேட்டாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அளவெடுக்கப் போன நாளில் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். அன்றைக்கு டாக்டரின் அறை வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் போல இருந்தார். அவர்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று தோன்றியது. வாயில் பச்சைக் களி மாதிரி எதையோ வைத்து அழுத்தி, பத்து நிமிடத்தில் அளவெடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை என்று நினைத்துக்கொண்டேன். நான் எப்போதும் அப்படி நினைத்துக்கொள்கிறவன்தான்.

அடுத்த முறை எனக்குக் கிடைக்கவில்லை. பல் மாட்டுகிற நாளில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறேன், நீங்கள் வர வேண்டாம் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் நானும் போனேன். என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாமலே போனேன். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓர் இரும்புக் கடை வாசலில் நின்றேன்.

மத்தியானம் ஒரு மணி போல இரண்டு பேரும் வந்தார்கள். ரோட்டோரத்தில் பழம் விற்கிற ஒருவரிடம் நின்று எதையோ பேரம் பேசினார்கள். அக்கா ஏதோ சொன்னாள். என்ன பகடியோ, என் மனைவி சத்தமாகச் சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை. பழக்காரரும் சேர்ந்து சிரித்தார். கல்யாணம் முடிந்த முதல் மாதத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவள் சிரித்ததில்லை என்றல்ல. நான் அங்கே இருந்ததில்லை.

சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பியவள் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் என்னைக் கண்டுவிட்டாள். உதடு மூடிக்கொண்டது. கோபமாக மூடவில்லை. கடையைப் பூட்டுகிற மாதிரி, வேலை முடிந்து மூடுகிற மாதிரி இருந்தது.

மாலையில் வீட்டுக்கு வந்து கைகால் கழுவினாள். பிறகு விரலை வாய்க்குள் விட்டுப் பல்லைக் கழற்றி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுச் சாமிப் படத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்போது மணி ஐந்துதான்.

“தூங்கும்போதுதானே கழட்டச் சொன்னாங்க?” என்றேன்.

“வீட்டுல எதுக்கு?” என்றாள்.

அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டிக்கு மா பிசைய ஆரம்பித்தாள். நான் உள் வாசற்படியில் நின்றேன். வந்ததிலிருந்து அந்தப் படியைத் தாண்டி நான் உட்கார்ந்ததில்லை.

“டாக்டர்கிட்ட நான் சொல்லியிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன்.”

“ம்.”

“நாந்தான் அடிச்சேன். ஒன்னய நாந்தான் அடிச்சேன்.”

மா பிசைகிற கை நிற்கவில்லை. “அது எனக்குத் தெரியாதா?” என்றாள். பிறகு, நான் போய்விடுவேன் என்று நினைத்தோ என்னவோ, தொடர்ந்து பேசினாள். குரல் உயரவில்லை.

“ஒம்போது வருசமா பொய் சொல்லிக்கிட்டே இருக்கேன். டிஸ்பென்சரியில சொன்னேன், பெரட்டுல பேரு போடுறப்ப சொன்னேன், எங்கம்மா செத்தப்ப வந்த சொந்தக்காரங்ககிட்ட சொன்னேன். விழுந்தேன் விழுந்தேன்னு. நீங்க வந்தா அத நிறுத்திரலாம்னு இருந்தேன். ஒருத்தர்கிட்ட, ஒரே ஒருத்தர்கிட்ட நீங்களே சொல்லிட்டா போதும். பஸ்ஸுல கேட்டேனே. நீங்களே சொல்லுங்கன்னு சொன்னேனே.”

“இனிமே சொல்றேன். யாருகிட்ட வேணும்னாலும் சொல்றேன்.”

“இனிமே யாரு கேக்கப்போறாங்க?” என்றாள். “பல்லுதான் இருக்கே.”

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் மாவை உருண்டை பிடித்தாள். எனக்கும் சேர்த்துத்தான் பிடித்தாள்.

“சித்திர வரைக்கும் இருக்கட்டுமா? வெள்ள அடிக்க ஏணி...”

“பல்லு வேல முடிஞ்சிருச்சுங்க” என்றாள்.

அந்த ‘ங்க’வில் மரியாதை குறையவே இல்லை. குறைந்திருந்தால் நான் ஏதாவது சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டாவது இரண்டு நாள் இருந்திருப்பேன். “போகச் சொல்றியா?” என்று கேட்டேன். கல்லில் ரொட்டியைப் போட்டுத் திருப்பிய பிறகு பதில் சொன்னாள்.

“போகச் சொல்லல. இருங்கன்னு சொல்ல வாய் வரல.”

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விறகு பிளந்து அடுக்கினேன். தகரத்தில் ஒழுகுகிற இரண்டு இடத்தில் தார் பூசினேன். திங்கட்கிழமை காலையில் அவள் காலை ஆட்கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் போகும்போது நானும் பையோடு இறங்கினேன். வழி பிரிகிற இடத்தில் ரொட்டிப் பார்சலைக் கொடுத்தாள். உள்ளே மிளகாய் இடித்த கட்டச் சம்பல் இருந்தது, வாசம் வந்தது. பல்லை மாட்டியிருந்தாள், வேலைக்குப் போகிறாள் அல்லவா. “ஒடம்பப் பாத்துக்கங்க” என்றாள். முன்னால் போன அக்கா திரும்பி நின்று எங்களைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் பகடி எதுவும் பண்ணவில்லை.

கொழும்புக்கு டிக்கட் எடுத்திருந்தேன். ஹட்டனில் இறங்கிவிட்டேன். பல் டாக்டரின் இடத்துக்குப் போய், வாசலில் நம்பர் கொடுக்கிற பெண்பிள்ளையிடம் நம்பர் வாங்கி, ஒன்பது பேருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஒன்பது பேரும் முடியும்வரை மனதுக்குள் சிங்களத்தில் வாக்கியத்தைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அடித்தேன், கையில் டோர்ச் இருந்தது, அவள் விழவில்லை. மூன்றே வாக்கியம். சிங்களத்தில் எவ்வளவோ பேரம் பேசியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், வேலை கேட்டிருக்கிறேன். இந்த மூன்றையும் அதற்கு முன் எந்தப் பாஷையிலும் வெளி ஆள் ஒருவரிடம் சொன்னதில்லை.

டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “மனைவிக்கு என்ன? தட்டு உறுத்துகிறதா?” என்று கேட்டார்.

நின்றபடியே மூன்றையும் சொன்னேன்.

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவசரப்படாமல் இரண்டையும் கழற்றிக் குப்பையில் போட்டார். “தெரியும்” என்றார். “பல் மாட்ட வந்த அன்றைக்கு அவரே சொன்னார். முதலில் எழுதியதை வெட்டிவிட்டு இதை எழுதச் சொன்னார். நான் எழுதிவிட்டேன்.”

“அவளுக்குச் சிங்களம் அவ்வளவு வராதே” என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வந்தது அதுதான்.

“தெரிந்த அளவுக்குச் சொன்னார். தெரியாததைக் கையால் காட்டினார்.”

எப்படிக் காட்டினாள் என்று நான் கேட்கவில்லை. பிறகு அவர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

“உங்களுக்குப் பல்லில் ஏதாவது இருக்கிறதா?”

“இல்லை, டாக்டர்” என்றேன். வெளியே வந்து நம்பர்த் துண்டை அந்தப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை அடுத்த நம்பரைக் கூப்பிட்டது.